பழைய ரெண்டு சக்கர டிரெய்லர், 65 ஆக்ஸில் வளைஞ்சிருக்கு: நிமிர்த்தலாமா, மாத்தலாமா?

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

வணக்கங்க. எங்ககிட்ட இருக்கிறது பழைய ரெண்டு சக்கர டிப்பர் டிரெய்லர். பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், பலகை 2 அடி உயரம். ஆக்ஸில் 65 மில்லி சதுரக் கட்டை. டயர் 7.50-16. ஹப்பில் (சக்கரக் குடத்தில்) உள் பேரிங் 32210, வெளி பேரிங் 30207. பிரேக் கிடையாது. ஓட்டமெல்லாம் தோப்புக்குள்ளேயும் வேலந்தாவளம், கோபாலபுரம் ரோட்டிலேயும்தான், மலைப்பாதை இல்லை.

தொல்லை மூணு. ரெண்டு டயரும் உள் ஓரத்தில் மட்டும் வழவழன்னு தேயுது. வெளி பேரிங் மாத்தி மாத்திப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது, கிரீஸ் கருகி வெளியே வருது. பின்னாடி நின்னு பார்த்தா ஆக்ஸில் நடுவில் தொங்கின மாதிரி தெரியுது. ஏத்துறது பெரும்பாலும் மட்டைத் தேங்காயும் தொழு உரமும். கோடையில் குளத்து வண்டல் பெட்டி நிறைய அடிப்போம்.

ஒரு பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தித் தர்றோம்கிறாங்க. இன்னொருத்தர் காயிலாங்கடையில் லாரி ஆக்ஸில் வாங்கி மாட்டிடலாம்கிறார். எது சரி? புதுசா 75 போடணும்னா என்னென்ன மாத்தணும்?

பட்டறை, பொள்ளாச்சி

வாங்கறதுக்கு முன்னாடி ஏன் வளைஞ்சதுன்னு தெரிஞ்சாகணுங்க. காரணம் அப்படியே இருந்தா புதுக் கட்டையும் அதே வழிக்குத்தான் போகும்.

முதல்ல அளவு எடுங்க. பெட்டி காலியா இருக்கணும், சமமான சிமெண்ட் தரை வேணும். ரெண்டு சக்கரத்தையும் தூக்கி சேஸுக்கு முட்டுக் கொடுங்க. ரெண்டு ரிம்மோட உள் விளிம்பிலும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைங்க. புள்ளி ரெண்டும் மேலே இருக்கிறப்ப ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு டேப் பிடிச்சுப் பாருங்க. அப்புறம் சக்கரத்தை அரைச் சுத்து சுத்தி, அதே புள்ளிகள் கீழே வந்ததும் திரும்ப அளங்க. அதே புள்ளியில அளந்தாத்தான் ரிம் கோணல் கணக்கில் கலக்காது. மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் வந்தா, முனைகள் மேல் பக்கமா எழும்பியிருக்கு, சக்கரத்தோட தலை உள்ளே சாஞ்சிருக்குன்னு அர்த்தம். உள் ஓரம் தேயறது அதனாலதான்.

அதேபோல முன்பக்கம், பின்பக்கம் அச்சு உயரத்தில் அளந்து பாருங்க. குழியில் அடிபட்டு முனை பின்னாலே மடங்கியிருந்தா அதுல தெரியும்.

இன்னொண்ணு. ரிம்முக்கு நடுவில் நட் போடற டிஸ்க்கோட குழிவு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? யாராவது ரிம்மைத் திருப்பி மாட்டியிருக்காங்களா?

விவசாயி, மீனாட்சிபுரம்

ஆக்ஸில் கோணலா உக்காந்திருந்தாலும் டயர் தேயுமே. பட்டையை (ஸ்பிரிங்கை) ஆக்ஸில் மேல நிறுத்தற சென்டர் போல்ட் உடைஞ்சு ஒரு பக்கம் பின்னாலே நகர்ந்திருக்கலாம். கொக்கி வளையத்திலிருந்து ரெண்டு முனைக்கும் அளந்து பார்த்துடுங்க.

பட்டறை, பொள்ளாச்சி

அளக்கச் சொன்னது சரிங்க, அளந்தே ஆகணும். ஆனா இந்தத் தேய்மானத்துக்குக் காரணம் அது இல்லை. ஒத்தை ஆக்ஸில் வண்டியில் கட்டை முழுசா கோணலா இருந்தா ரெண்டு சக்கரமும் ஒரே திசையில்தான் பார்க்கும். வண்டி ஒரு பக்கமா சாய்ஞ்சு ஓடும், டயர் அவ்வளவா தேயாது. ரெண்டு சக்கரமும் வேற வேற திசை பார்க்கிறப்பதான் ரப்பர் போகும். 7.50-16 டயர் ஏறக்குறைய 800 மில்லி விட்டம். டயர் ஓரத்தில் முன்னாலும் பின்னாலும் அளந்ததில் 5 மில்லி வித்தியாசம்னு வைங்க. 800-க்கு 5-ன்னா 1,000-க்கு 6.25. ரெண்டு டயரும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 6 மீட்டருக்கு மேல பக்கவாட்டில் இழுபடும். அந்தத் தேய்மானம் ரம்பப்பல் மாதிரி பிசிறடிக்கும், கையால் தடவினாலே தெரியும். இவர் சொல்றது வழவழப்பான உள் ஓரத் தேய்மானம். அது சாய்வினால் வர்றது.

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

அளந்துட்டேங்க. மேலே கீழே வித்தியாசம் 14 மில்லி, மேலேதான் குறைவு. முன் பின் வித்தியாசம் 1 மில்லிகூட இல்லை. கொக்கி வளையத்திலிருந்து அளந்தா ரெண்டு பக்கமும் 2 மில்லிக்குள்ள ஒத்துப்போகுது.

டிஸ்க் திருப்பித்தான் இருக்கு. முதல்ல இதுல 6.00-16 டயர் இருந்தது. 7.50 போட்டதும் டயர், பட்டையை ஆக்ஸிலோட கட்டற யூ போல்ட்டில் உரசினதால ரிம்மைத் திருப்பி மாட்டியிருக்காங்க. பட்டை சென்டரிலிருந்து டயர் சென்டர் இப்ப 220 மில்லி. திருப்பறதுக்கு முன்னாடி 170 இருந்திருக்கணும். பட்டையிலிருந்து பட்டை 1,100 மில்லி.

கடைசல், கணபதி

நோய் தெரிந்துவிட்டது. இனிக் கணக்கைப் பார்ப்போம்.

120 கன அடிப் பெட்டியில் ஈர வண்டல் நிறைத்தால் 3.4 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.7 டன் என்றாலும் 5.8 டன் சரக்கு. வண்டியின் சொந்த எடை 1 டன்னுக்கு மேல். அதில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டருக்குப் போனாலும், ஆக்ஸிலில் 5 டன்னுக்குக் குறையாது. சக்கரத்துக்கு 2.5 டன், அதாவது ஏறக்குறைய 25,000 நியூட்டன்.

சதுரக் கட்டையின் வளைவுத் தாங்குதிறன் பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்தை 6-ஆல் வகுத்தால் வரும். 65-க்கு 45,771. 75-க்கு 70,312. பத்தே மில்லி கூடினதற்குப் பாதிக்கு மேல் பலம் கூடுகிறது, கவனியுங்கள்.

பழையபடி 170 மில்லி தள்ளி டயர் இருந்தபோது 25,000 × 170 ÷ 45,771 = சதுர மில்லிமீட்டருக்கு 93 நியூட்டன். குழியில் இறங்கும் அடிக்கு இரண்டரை மடங்கு வைத்தால் 232. சாதா மைல்ட் ஸ்டீல் 250 வரை நிரந்தரமாக வளையாது. ஓரம்தான், ஆனாலும் தாங்கும். ரிம்மைத் திருப்பியதும் 170 என்பது 220 ஆனது. 120 நியூட்டன், அடி விழும்போது 300. 250-ஐத் தாண்டிவிட்டது. அதனால்தான் வளைந்தது. வண்டலும் திருப்பிய ரிம்மும் சேர்ந்து செய்த வேலை இது, கட்டை செய்தவர் மேல் குற்றமில்லை.

பேரிங் கதையும் இதுவேதான். உங்கள் ஹப்பில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே சென்டருக்குச் சென்டர் எவ்வளவு? 55 மில்லி என்று வைத்துக்கொள்கிறேன். டயர் சென்டர் உள் பேரிங்கிலிருந்து 10 மில்லி வெளியே விழுந்தால், வெளி பேரிங்குக்குப் போவது 55-இல் 10 பங்கு, 18 சதவீதம். சிறிய 30207 அதற்குத்தான் வைத்தது. ரிம் திரும்பியதும் அந்த 10 என்பது 60 ஆகிறது. டயரின் சென்டர் வெளி பேரிங்கையே தாண்டிப்போய் நிற்கிறது. மொத்த எடையும், அதற்கு மேல் 9 சதவீதமும் அந்தச் சிறிய பேரிங் தலையில். எந்தக் கம்பெனி பேரிங் போட்டாலும் கருகும்.

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

55-தாங்க, ஒரு மில்லி முன்னே பின்னே. அப்ப ரிம்மை நேரா மாட்டினா டயர் உரசுமே?

பட்டறை, பொள்ளாச்சி

170-லேயே வெச்சா உரசும். 7.50 டயர் ஏறக்குறைய 215 மில்லி அகலம், பாதி 108. பட்டை 60 அகலம்னா பாதி 30. 170-ல் ரெண்டையும் கழிச்சா மிச்சம் 32 மில்லி. யூ போல்ட் கால் அதுக்குள்ளதான் நிக்குது, லோடு ஏறினா டயர் வயிறும் தள்ளும். அதனால புதுக் கட்டையில் பக்கத்துக்கு 20 மில்லி கூட்டி 190-ஆ வெச்சுக்குங்க. இடைவெளி 52 கிடைக்கும். ஹப் மாட்டற கடைசல் முனை, அதான் ஸ்பிண்டில், அதோட அளவில் கை வைக்க வேண்டாம், சதுரப் பகுதி மட்டும் நீளணும். ரிம் நேரா இருக்கணும்.

திருப்பின ரிம்மில் இன்னொரு கேடு. வீல் நட் உக்கார்ற சரிவு டிஸ்க்கோட ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்தில் நட் விளிம்பில் மட்டும்தான் கடிக்கும், ஓட ஓட லூஸாகும். ஓட்டை முட்டை வடிவமாயிருந்தா அந்த டிஸ்க்கைத் திரும்பப் பாவிக்காதீங்க.

கடைசல், கணபதி

190-க்கு 75 கட்டையில் கணக்கு: 25,000 × 190 ÷ 70,312 = 68 நியூட்டன். இரண்டரை மடங்கில் 169. நிம்மதியான இடம். உங்கள் வண்டிக்கு 90 தேவையில்லை. மீட்டருக்கு 75 கட்டை 44 கிலோ, 90 கட்டை 64 கிலோ. பட்டைக்குக் கீழே தொங்கும் வீண் எடை அது.

டிராக்டர் ஓட்டுநர், வடகரப்பதி

இவ்வளவு செலவு எதுக்குங்க? வளைஞ்சதை நிமிர்த்தி, அடியில் 12 மில்லி பிளேட் வெச்சு முழு நீளத்துக்கும் வெல்டிங் அடிச்சா போதுமே. நம்ம பக்கம் பாதி டிரெய்லர் அப்படித்தான் ஓடுது.

கடைசல், கணபதி

ஓடுகின்றன, உடையவும் செய்கின்றன. எங்கே உடைகின்றன என்று பாருங்கள், பிளேட் முடியும் இடத்தில்.

சக்கரங்கள் இரண்டு முனையையும் மேலே தள்ளுகின்றன, பட்டைகள் உள்ளே இரண்டு இடத்தில் கீழே அழுத்துகின்றன. அதனால் ஆக்ஸிலின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடுகிறது, மேல்பக்கம் நெருக்கப்படுகிறது. விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். அடியில் வெல்டிங் போட்டால், வெல்டிங் ஓரத்தின் சின்ன வெட்டு ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். பிளேட் முடிகிற இடத்தில் கட்டையின் கனம் சட்டென்று மாறுவதால் விசை முழுவதும் அங்கே குவியும். உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வழவழப்பாகத் துருப்பிடித்த அலை அலையான வரி இருக்கும். அது பல மாதம் ஊர்ந்த விரிசல். மீதி சர்க்கரைக் கட்டி போல் மினுமினுக்கும். அது கடைசி நாளில் அறுந்த இடம்.

புதுக் கட்டையிலும் இதே விதிதான். அடிப்பக்கம் வெல்டிங் கூடாது, துளை கூடாது, வெல்டிங் ராடைக் கீறிப் பற்றவைத்த தழும்புகூடக் கூடாது.

காய்ச்சி நிமிர்த்துவது பற்றி: சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் இரும்பின் குணம் மாறும், எவ்வளவு மாறியது என்று கண்ணால் தெரியாது. அப்படியே குளிர்ச்சியில் பிரஸ்ஸில் நிமிர்த்தினாலும் கிடைப்பது அதே 65 கட்டைதான்.

விவசாயி, மீனாட்சிபுரம்

லாரி ஆக்ஸில் யோசனைக்கு யாரும் பதில் சொல்லலையே. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழசு கிடைக்குமே.

பட்டறை, பொள்ளாச்சி

கிடைக்கும். பொருத்தம்தான் பிரச்சினை. முன் ஆக்ஸிலில் சக்கரம் கிங்பின்ங்கிற அச்சாணியில் திரும்பற சாதி, அதை அசையாம பூட்டறது நம்பகமான வேலை இல்லை. பின் ஆக்ஸில்னா உள்ளே கியர் எல்லாம் கழட்டினாலும் கூடு கனம். பட்டை உக்கார்ற இடம் 1,100-ல் வராது, ஹப் 20 அங்குல ரிம்முக்கானது. ரிம், டயர், பட்டைச் சீட்டு எல்லாம் மாத்தி முடிக்கிறப்ப புதுக் கட்டைச் செலவைத் தாண்டிடும். இவருக்கு ஹப் நல்லாயிருக்கு, பட்டை நல்லாயிருக்கு. கட்டை மட்டும்தான் தேவை.

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

சரிங்க, 75 போட்டுடறேன். லேத்தில் என்ன சொல்லிக் கொடுக்கணும்? என்ன இரும்பு கேட்கணும்?

கடைசல், கணபதி

இரும்பு: ஈஎன்8, 75 சதுரம். கார்பன் 0.4 சதவீதம் அளவில் இருக்கும். கடையில் சாதா மைல்ட் ஸ்டீலையே ஈஎன்8 என்று தருவதுண்டு, மில் சான்றிதழ் கேளுங்கள். கிரைண்டரில் ஒரு பொறி பார்த்தாலும் ஓரளவு தெரியும். ஈஎன்8 பொறி நுனியில் கிளைத்து வெடிக்கும், மைல்ட் ஸ்டீல் பொறி நீளக் கோடாகப் போகும்.

நீளம்: டயர் சென்டருக்குச் சென்டர் 1,100 + 190 + 190 = 1,480. ஸ்பிண்டில் நுனிக்குப் பக்கத்துக்கு 95 சேர்த்தால் 1,670. 1,675 வெட்டி வாங்குங்கள், முகம் சீவ வேண்டும். ஏறக்குறைய 74 கிலோ வரும். 95 என்பது என் உத்தேசம். பழைய ஸ்பிண்டிலை அளந்து உறுதி செய்யுங்கள்.

கடைசல்: நீளப் படுக்கை லேத் வேண்டும். முதலில் இரண்டு முனையிலும் சென்டர் (நடுக்குழி) போட்டு, சென்டருக்கு நடுவிலேயே இரண்டு ஸ்பிண்டிலும் கடைய வேண்டும். ஒரு முனையை லேத்தின் பிடியான சக்கில் பிடித்து, மறுமுனையைத் திருப்பிச் சக்கில் பிடித்துக் கடைந்தால் இரண்டும் ஒரே கோட்டில் வராது. புதுக் கட்டையே வளைந்த கட்டை போல டயரைத் தின்னும்.

பேரிங் அளவு: கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள் துளை. 32210-க்கு 50, 30207-க்கு 35. இங்கே ஸ்பிண்டில் நிற்கிறது, ஹப் சுழல்கிறது. அதனால் கோன் (பேரிங்கின் உள் வளையம்) ஸ்பிண்டிலில் கையால் தள்ளினால் ஏறும்படி இருக்க வேண்டும், கப் (வெளி வளையம்) ஹப்பில் இறுக்கமாக இருக்க வேண்டும். 50 அளவு ஸ்பிண்டிலை 49.975-க்கும் 49.991-க்கும் நடுவில் முடிக்கச் சொல்லுங்கள், 35-ஐயும் அதேபோல் ஒரு நூலிழை குறைவாக. கோனைச் சுத்தியலால் அடித்து ஏற்றும்படி கடைந்தால் பின்னர் பேரிங் சரியாக டைட் செய்யவே முடியாது. ஹப்பில் கப் கையால் உள்ளே விழுந்தால் அந்த ஹப் துளை தேய்ந்துவிட்டது. கப்பைச் சுற்றிப் புள்ளி அடித்து ஓட்டாதீர்கள், சில நாளில் மறுபடி சுழலும்.

மிக முக்கியமான இடம் ஸ்பிண்டிலின் வேர், பேரிங் முட்டும் தோள்பட்டை. அங்கே கூர்மையான மூலை விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். வளைவு கொடுக்க வேண்டும். ஆனால் 32210 கோனின் உள் ஓரச் சரிவு 1.5 மில்லிதான், அதைவிடப் பெரிய வளைவு வைத்தால் கோன் தோளில் உட்காராமல் வளைவின் மேல் ஏறி நிற்கும். இதற்கு வழி, தோளுக்கும் கோனுக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம். வளையத்தின் உள் ஓரத்தைப் பெரிதாகச் சரித்துவிட்டால் வேரில் 5 மில்லி வளைவு தாராளமாக வைக்கலாம், அதே வளையத்தின் மேல் ஆயில் சீலும் ஓடும். கடைசல் வரி தெரியாமல் வேரை எமரித் தாளால் மெருகேற்றச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

நட் மரையை 30 மில்லி விட்டத்துக்கு 1.5 மில்லி பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) வைத்தால், ஆறு வெட்டுள்ள காசில் நட்டில் ஒரு வெட்டு நகர்ந்தால் 0.25 மில்லி. அது பேரிங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்பிண்டிலில், நட் சுழலாமல் தடுக்கும் காட்டர் பின் துளையை 90 பாகை தள்ளி இரண்டாகப் போட்டால் 0.125 மில்லிக்கு ஒரு நிலை கிடைக்கும். ஒரு துளை கூடுதல், அவ்வளவுதான்.

பட்டறை, பொள்ளாச்சி

கழட்டறதும் மாட்டறதும் நான் சொல்றேன்.

கரிமண் தரையில் ஜாக்கி வைக்காதீங்க. மழை பெஞ்சிருந்தா பார்க்கவே வேண்டாம், ஜாக்கி ஒரு பக்கமா இறங்கும். சிமெண்ட் தரை இல்லைன்னா 2 அடி சதுரத்துக்குக் கனமான பலகை போட்டு அதுமேல ஜாக்கி. வீல் நட்டை டயர் தரையில் இருக்கிறப்பவே லூஸ் பண்ணிடுங்க. டிராக்டரைக் கழட்டி, முன்னால கொக்கிக்குக் கீழே தனியா ஸ்டாண்டு. சேஸுக்கு முட்டு பட்டை ஹேங்கருக்குப் பின்னால, மரக்கட்டை குறுக்கு மறுக்கா அடுக்கி. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். டிப்பர் பெட்டியைத் தூக்கி வெச்சுட்டு அடியில் போறதா இருந்தா, ஹைட்ராலிக்கை நம்பாம இரும்புக் கம்பம் கொடுங்க. ஹோஸ் ஒண்ணு வெடிச்சா ஆள் நசுங்கிடுவாங்க.

சேஸ் முட்டில் உக்காந்ததும் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியை லேசா தொடவிட்டு, யூ போல்ட்டை வெட்டி எடுங்க. பழசைக் காப்பாத்தப் பார்க்காதீங்க. மரை ஒருதடவை இழுபட்டது, அதுவுமில்லாம 65-க்கு வளைச்சது 75-க்குச் சேராது. உள் அகலம், காலோட நீளம் ரெண்டும் கூடணும். 16 மில்லி, 8.8 கிரேடு, பக்கத்துக்கு ரெண்டு, நட்டும் புதுசு. கழட்டற நேரத்தில் சென்டர் போல்ட் தலை தேய்ஞ்சிருக்கா, பட்டை முனை தொங்கற ஷேக்கிளோட புஷ் முட்டையாயிருக்கா, மெயின் பட்டைக் கண்ணுகிட்ட விரிசல் இருக்கான்னு பாருங்க. மண்ணெண்ணெய் தடவி, துடைச்சு, சாக்பீஸ் பொடி தேய்ச்சா விரிசல் இருக்கிற இடத்தில் ஈரக்கோடு எழும்பும்.

பட்டை உக்கார்ற சீட்டு 12 மில்லி பிளேட். நடுவில் சென்டர் போல்ட் தலைக்குத் துளை. ஆக்ஸிலையே துளைக்காதீங்க. சீட்டு கட்டையின் மேல்பக்கம் உக்காரும், முன் ஓரமும் பின் ஓரமும் கட்டையின் நீளவாக்கில் மட்டும் வெல்டிங். கட்டைக்குக் குறுக்கே அடிக்கக் கூடாது.

கடைசல், கணபதி

ஈஎன்8-இல் வெல்டிங் என்றால் அந்த இடத்தை 150 முதல் 200 டிகிரி வரை முன்சூடு செய்ய வேண்டும். 7018 ரக வெல்டிங் ராடு, ஈரமில்லாமல் அடுப்பில் காய்ந்தது. முடிந்ததும் காற்றிலோ தண்ணீரிலோ ஆற்றாமல் காய்ந்த சாம்பலில் மூடி ஆறவிடுங்கள். முன்சூடு இல்லாமல் இவ்வளவு கனமான கட்டையில் அடித்தால், ஓரம் கண்ணாடி போல் கெட்டியாகி முடி அளவு விரிசல் விடும்.

பட்டறை, பொள்ளாச்சி

மாட்டறப்ப யூ போல்ட்டை முதல்ல கை டைட் மட்டும். கொக்கி வளையத்தோட சென்டரிலிருந்து குண்டுநூல் விட்டுத் தரையில் புள்ளி வைங்க. ஆக்ஸிலோட ரெண்டு தோள்பட்டையிலிருந்தும் அதேபோல. மூணு புள்ளியையும் நூலால் அளங்க, ரெண்டு நீளமும் 3 மில்லிக்குள்ள ஒத்து வரணும். அப்புறம் நட்டை எதிர் எதிரா, சுத்துக்குச் சுத்து ஏத்துங்க. 180 நியூட்டன் மீட்டர் வரைக்கும். டார்க் ரெஞ்ச் இல்லைன்னா ஒரு மீட்டர் பைப் நுனியில் 18 கிலோ அழுத்தம். இழுத்து முடிச்சதும் தரைப் புள்ளியைத் திரும்ப அளங்க, டைட் பண்றப்ப கட்டை நகரும்.

பேரிங் டைட்: ஹப்பைக் கையால் சுத்திக்கிட்டே நட்டை 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்க. சுத்தாம இறுக்கினா ரோலர் ஓரத்தில் ஏறி நிக்கும், ஓடின பிறகு லூஸாகும். அப்புறம் நட்டை முழுசா தளர்த்தி, விரலால் மட்டும் டைட் வெச்சு, அடுத்த பின் துளை வரைக்கும் பின்னால கொண்டுவாங்க. டயரை மேலே கீழே பிடிச்சு ஆட்டினா உணர்ந்தும் உணராததுமா ஒரு ஆட்டம் இருக்கணும். ஆட்டமே இல்லைன்னா சூடேறினதும் பேரிங் இறுகிப் பிடிக்கும்.

கிரீஸ்: லித்தியம், 2 அல்லது 3 நம்பர். பேரிங்குக்குள்ளே உள்ளங்கையில் வெச்சு அழுத்தி மறுபக்கம் வழியற வரைக்கும் திணிங்க. ஹப் குழியில் பாதிக்கு மேல வேண்டாம், ஒரு ஹப்புக்குச் சுமார் கால் கிலோ போதும். முழுசா அடைச்சா சூடாகி சீலைத் தள்ளிக்கிட்டு வரும். பழைய கிரீஸை டீசலில் கழுவி எடுங்க. ரெண்டு ஜாதி கிரீஸ் கலந்தா தண்ணியா ஓடிடலாம்.

விவசாயி, மீனாட்சிபுரம்

வாய்க்கால்ல இறங்கி ஏறற வண்டிக்கு?

பட்டறை, பொள்ளாச்சி

நல்ல கேள்விங்க. ரோட்டில் ஓடிச் சூடான ஹப் தண்ணியில் இறங்கினதும் உள்ளே இருக்கிற காத்து சுருங்கும், சீல் வழியா சேத்துத் தண்ணியை உறிஞ்சும். ரெட்டை உதட்டு சீல் போடுங்க, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்த்து. இறங்கறதுக்கு முன்னாடி வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ஹப் ஆறட்டும். மழைக்காலம் முடிஞ்சதும் ஹப்பைக் கழட்டிப் பாருங்க. கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்தாச்சு.

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

75 போட்டா ஆர்.சி.யில் ஏதாவது மாத்தணுமா? இனி இன்னும் கொஞ்சம் கூட ஏத்தலாமா?

கடைசல், கணபதி

கூட ஏற்ற முடியாது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைதான் உங்கள் வரம்பு, கட்டை கனமானதால் அது மாறாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆக்ஸில் எண்ணிக்கையோ டயர் அளவோ பெட்டி அளவோ ஆர்.சி.யிலிருந்து வேறுபட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையதில் 6.00-16 என்று பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேஸ் எண் அடித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படக் கூடாது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எடையையும் படியுங்கள். நான் கணக்கில் வைத்த 2.5 டன்னை உங்கள் டயர் தாங்காமல் இருக்கலாம். அப்படியென்றால் வரம்பு டயர்தான். ஈர வண்டலைப் பலகை உயரத்துக்கு நிறைக்காமல் ஒரு அடியில் நிறுத்தினாலே பாதியாகிவிடும். தேங்காய்க்கும் தொழு உரத்துக்கும் இந்தக் கவலை இல்லை.

டிராக்டர் ஓட்டுநர், வடகரப்பதி

அடியில் வெல்டிங் கூடாதுன்னு இப்பத்தான் விளங்குது. ஏற்கனவே அடிச்சு ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில் என்ன பார்க்கணும்?

கடைசல், கணபதி

பிளேட் முடியும் இரண்டு முனையையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மேலே சொன்ன மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை செய்யுங்கள். வெல்டிங் ஓரத்தில் கட்டைக்குக் குறுக்காக ஈரக்கோடு எழும்பினால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். அந்தக் கோட்டின் மேல் இன்னொரு வெல்டிங் அடிப்பது விரிசலை மறைக்கும், மூடாது. கோடு இல்லையென்றால் லோடைக் குறைத்து ஓட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை பாருங்கள்.

பட்டறை, பொள்ளாச்சி

தோப்புக்காரருக்கு ஒண்ணு விட்டுப்போச்சுங்க. புதுக் கட்டை போட்டு லோடோட முதல் 50 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட், வீல் நட் ரெண்டையும் திரும்ப டைட் பண்ணுங்க, 500-ல் இன்னொரு தடவை. பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பெயிண்டும் துருவும் நசுங்கி இறங்கறதால யூ போல்ட் கட்டாயம் லூஸாகும். அப்ப ஹப்பைத் தொட்டும் பாருங்க. கை வைக்க முடியாத சூடு ஒரு பக்கம் மட்டும் இருந்தா அந்த நட் அதிக டைட், ஒரு நிலை பின்னால தள்ளிக் காட்டர் பின் புதுசாப் போடுங்க.

வளைஞ்ச 65 கட்டையைக் காயிலாங்கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில் ரெண்டையும் வெட்டிடுங்க. இல்லைன்னா யாராவது நிமிர்த்தி இன்னொரு வண்டியில் மாட்டிடுவாங்க.

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

வெட்டிடறேங்க. கட்டைக்கு ஆர்டர் கொடுத்தாச்சு, ஸ்பேசர் வளையமும் ரெண்டு பின் துளையும் படத்தில் வரைஞ்சே கொடுத்துட்டேன். ரெண்டு டிஸ்க்கில் ஒண்ணோட ஓட்டை முட்டையாத்தான் இருக்கு. அதுக்கு வேற டிஸ்க் தேடறேன்.